கோட்டுக்குள் நிற்கும் நீர்

ரப்பர் ஸ்டாம்பால் ஒரு தாமரையின் வெளிக்கோட்டை அட்டையில் ஒற்றுகிறார்கள். மை காய்ந்ததும், நீரில் கரையும் கிரேயானால் இதழோரங்களில் நாலைந்து கீற்றுகள் இழுத்து, ஈரத் தூரிகையால் அவற்றை உள்நோக்கித் தடவுகிறார்கள். கீற்றுகள் கரைந்து, ஓரத்தில் அடர்ந்தும் நடுவில் வெளிறியும் இதழ் எழுகிறது. கையால் வாழ்த்து அட்டை செய்பவர்கள் இந்த வேலையைப் பற்றிப் பேசும்போது ஸ்டாம்பையும் கிரேயானையும்தான் முதலில் சொல்வார்கள். எந்தக் கிரேயான் திப்பியில்லாமல் கரைகிறது, எந்த மை தண்ணீர் பட்டாலும் கலங்காது என்று நீளும் அந்தப் பேச்சில் தாள் கடைசியாகத்தான் வரும், அதுவும் ஏதாவது கெட்டுப்போன பிறகு. ஆனால் அதே மையும் அதே கிரேயானும் அதே கையும் ஒரு தாளில் சுத்தமான இதழையும் இன்னொரு தாளில் வேர்விட்டுக் கிளைத்த கறையையும் தருகின்றன. அச்சுக் கோட்டுக்குள் கையால் வண்ணம் நிரப்புகிற கலையின் வரலாற்றை வண்ணத்தின் வரலாறாகவே எழுதிவந்திருக்கிறோம். ஈரம் பரவாதபடி தளத்தைப் பழக்கிவைக்கும் வித்தையின் வரலாறாக அதை எழுதினால் கூடுதலாக விளங்கும் என்பது என் வாதம். அப்படி எழுதத் தொடங்கினால் புதுச்சேரி அதில் நடுவிடம் பெறுகிறது.

புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் செல்லும் சாலையில் நகரம் முடியும் மேட்டில் இருக்கிறது கோரிமேடு. ஜிப்மர் மருத்துவமனையால் இன்று அறியப்படும் இந்தப் பகுதியைத் தாண்டினால் தமிழ்நாட்டு எல்லை. கடலோரத்து மணல் தரையிலிருந்து மேற்கே வருகிறவருக்கு இங்கே மண் சிவக்கிறது, நிலம் உயர்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் மொழியில் இந்த உயர்நிலத்தைச் ‘செம்மலைகள்’ என்று குறித்தார்கள். மலை என்பது சற்று அதிகப்படி. கடற்கரையிலேயே வாழ்ந்தவர்களுக்கு அவ்வளவு உயரமும் மலையாகத் தெரிந்திருக்கலாம். சாயப்பட்டறை இருந்த இடமாகக் கோரிமேட்டை நான் குறிப்பிடவில்லை. எல்லை என்ற அளவில்தான் அது இந்தக் கதைக்கு வேண்டியிருக்கிறது. எல்லைக்கு அப்பால், பின்னாளில் ஆங்கிலேயரின் தென்னாற்காடு மாவட்டமான நிலம். துணி நெய்த ஊர்களும் அவுரி விளைந்த வயல்களும் பெரும்பாலும் அந்தப் பக்கம் இருந்தன. நெய்த துணி இந்தப் பக்கம் வந்து சாயம் ஏறிக் கப்பலுக்குப் போயிற்று. வெறுந்துணியை வாங்கி, பதப்படுத்தி, நிறம் ஏற்றி அனுப்புவதில்தான் புதுச்சேரியின் பழைய செல்வம் இருந்தது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டுகிறவர்கள் போரையும் அரசியலையும் தேடிப் போகிறார்கள். அங்கே ஓயாமல் கண்ணில் படுவது துணி வியாபாரம்.

அந்தச் சாயத்தொழில் எப்படி நடந்தது என்பதற்கு நமக்குக் கிடைத்திருக்கும் சான்று அசாதாரணமானது. 1734 வாக்கில் பொலியூ என்ற பிரெஞ்சுக் கப்பல் அதிகாரி புதுச்சேரியில் தன் கண்ணெதிரே ஒரு துணிக்குப் பூவேலை வண்ணம் தீட்டவைத்தார். பாரிஸில் இருந்த வேதியியலாளர் துஃபே கேட்டுக்கொண்டதன் பேரில் செய்தது இது. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் துணியில் ஒரு துண்டு வெட்டியெடுத்து, அந்தக் கட்டத்தின் செய்முறையை எழுதி, துண்டை அதன் பக்கத்தில் சேர்த்தார். அப்படி 11 துண்டுகள். கையெழுத்துப் படி பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. கைத்தொழில் ஒன்றின் படிநிலைகளை எழுத்தும் பொருளும் சேர்ந்து காட்டும் ஆவணம் அந்த நூற்றாண்டில் மிக அரிது. வெள்ளைத் துணி முதல் முழுப் பூ வரை அந்த வரிசையைப் பார்க்கிறவரை முதலில் வியக்கவைப்பது, வேலை தொடங்கி நெடுநேரம் வரை வண்ணம் என்ற ஒன்றே வராமலிருப்பது. முதற்கட்டங்கள் எல்லாம் துணியைத் தயார்செய்வதிலேயே போகின்றன. அரைவெளுப்பாக வெளுத்த துணியைக் கடுக்காய்த் தூள் கலந்த எருமைப்பாலில் ஊறவைத்து, பிழிந்து, வெயிலில் காயவைத்து, மடித்துக் கட்டையால் அடித்து வழவழப்பாக்குகிறார்கள். அதற்குப் பிறகுதான் கோடு.

பாலும் கடுக்காயும் ஏன் என்பதை எட்டாண்டு கழித்து எழுதிய இன்னொருவர் தெளிவாக்குகிறார். இயேசு சபைத் துறவி கேர்தூ, சமஸ்கிருதத்துக்கும் கிரேக்க லத்தீன் மொழிகளுக்கும் உறவிருப்பதை 1767இலேயே சுட்டியவர் என்று மொழியியலில் பேர்பெற்றவர். 1742இல் அவர் ஐரோப்பாவுக்கு அனுப்பிய கடிதம் ஒன்று முழுக்க முழுக்க இந்தத் துணி ஓவியத்தைப் பற்றியது. தொழில் தெரிந்த உள்ளூர்க் கிறித்தவர்களைக் கேட்டு எழுதியதாகச் சொல்கிறார். கடுக்காயின் துவர்ப்பு, சாயத்தைப் பிடித்துவைக்கும் காரத்தைத் துணியோடு பிணைக்கிறது. படிகாரக் கரைசலும், துருவேறிய இரும்பைப் புளித்த கஞ்சியில் ஊறவைத்து எடுத்த கரைசலும்தான் அந்தக் காரங்கள். படிகாரம் தீட்டிய இடம் சாயவேர்க் கொதியில் சிவக்கும், இரும்பு தீட்டிய இடம் கடுக்காயோடு சேர்ந்து கறுக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் படிகாரக் கரைசல் கோட்டைத் தாண்டி இம்மியளவு கசிந்தாலும், கொதியிலிருந்து எடுக்கும்போது கசிந்த இடமும் சேர்ந்து சிவந்திருக்கும். இதைத் தடுப்பது பாலின் வேலை. எருமைப்பால் கொழுப்பு மிகுந்தது. அது நூலின் இடுக்குகளை நிரப்பி, நீர் தன்னிச்சையாக ஓடாதபடி பிடித்துவைக்கிறது. ‘கலம்’ என்ற மெல்லிய மூங்கில் எழுதுகோலால் மயிரிழைக் கோடு இழுக்க முடிந்தது தீட்டுகிறவரின் கைத்திறத்தால் மட்டும் நடந்ததில்லை. முந்தைய நாள் துணியைப் பாலில் நனைத்தவரின் கணக்கும் அதில் இருந்தது. நீல நிறத்துக்கு இதே தடுப்பு வேறு உருவெடுத்தது. அவுரித் தொட்டியில் துணியை முழுதாக முக்கியாக வேண்டும் என்பதால், நீலம் வேண்டாத இடமெல்லாம் மெழுகு பூசி மூடினார்கள். தஞ்சை அரண்மனைக்குச் சேலை அனுப்பிய கோடாலிக்கருப்பூர்க்காரர்களும் மெழுகால் வெள்ளையைக் காத்தவர்களே.

இங்கே ஒரு மறுப்பு எழும். ஸ்டாம்பில் அட்டை செய்பவர் கோட்டைத் தானே வரைவதில்லை, கடையில் வாங்குகிறார். பிறர் வரைந்த கோட்டுக்குள் வண்ணம் நிரப்புவது சிறுபிள்ளைகளின் வண்ணப்புத்தக வேலை, அதைச் சோழமண்டலக் கரையின் துணி ஓவியத்தோடு சேர்த்துப் பேசலாமா என்பது. ஆனால் துணி ஓவியர்களும் எல்லாக் கோட்டையும் தாமே வரைந்தவர்கள் இல்லை. முழு அளவில் வரைந்த தாளில் கோட்டின்மேல் ஊசியால் நெருக்கமாகத் துளையிட்டு, தாளைத் துணிமேல் விரித்து, கரித்தூள் பொட்டலத்தால் தட்டித் தடம் இறக்கிக்கொண்டார்கள். ஒரே தாளிலிருந்து எத்தனை துணிக்கு வேண்டுமானாலும் இறக்கலாம். அந்த வடிவங்களும் பலநேரம் ஐரோப்பியக் கம்பெனிகள் அனுப்பிவைத்த மாதிரிகளே. அங்குள்ள வாடிக்கையாளருக்குச் சிவப்புத் தளம் வேண்டாம், வெள்ளைத் தளத்தில் பூ வேண்டும் என்ற குறிப்போடு மாதிரி கப்பலில் வந்தது, துணி கப்பலில் போயிற்று. கோடு பொதுச்சொத்து. நிறம் எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்பதில்தான் ஒருவர் வேலைக்கும் இன்னொருவர் வேலைக்கும் வேறுபாடு தெரிந்தது. கோட்டை வரைந்தவரே கலைஞர், நிரப்பியவர் கூலி என்ற பிரிவினை பின்னாளில் ஓவியக் கல்லூரிகளோடு வந்து சேர்ந்த வழக்கம். அந்தப் பிரிவினையால் இழப்பும் உண்டு. பொலியூவின் பெயர் நமக்குத் தெரிகிறது. அவர் முன்னால் உட்கார்ந்து 11 துண்டுகளையும் தீட்டியவரின் பெயர் தெரியவில்லை.

பிரான்ஸிலேயே பாருங்கள். இந்தியத் துணிகளின் மோகம் உள்ளூர் நெசவைக் கெடுக்கிறது என்று 1686இல் அச்சடித்த துணிகளுக்கு அங்கே தடை போட்டார்கள். 1759 வரை தடை நீடித்தது. மக்கள் கள்ளத்தனமாக உடுத்திக்கொண்டேயிருந்தார்கள் என்பது வேறு கதை. தடை நீங்கிய மறுவருடம் வெர்சாய் அருகே ஜூயி என்ற ஊரில் ஓபர்காம்ப் தொடங்கிய அச்சுத்துணிப் பட்டறை பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்றது. அங்கே வெளிக்கோட்டை மரக்கட்டை ஒற்றியது. நீலம் போன்ற சில நிறங்களைக் கட்டையால் அச்சிட முடியவில்லை. பதமான அவுரிக் கரைசல் காற்றுப் பட்டவுடன் மாறிவிடும் என்பதால் கட்டைக்கு மை தடவும் நேரத்துக்குள் கெட்டுவிடும். ஆகவே தூரிகை பிடித்த பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, அச்சுக்கோட்டுக்குள் கையால் நிறம் இட்டார்கள். ஒற்றிய கோடும் கையால் நிரப்பிய நிறமும் சேர்ந்த இந்த முறைக்கும் இன்றைய அட்டை மேசைக்கும் இடையே வேலைப் பங்கீட்டில் வித்தியாசமே இல்லை. புதுச்சேரித் தொழில் நேரே ஜூயிக்குப் போயிற்று என்று நான் சொல்லவரவில்லை. ஐரோப்பாவுக்கு இந்த அறிவு மார்செய் துறைமுகத்து ஆர்மீனியர்கள், சுவிஸ் அச்சுக்காரர்கள் எனப் பல வழிகளில் போயிருக்கிறது. பொலியூவின் ஏடு அச்சேறாமல் கிடந்தது. கேர்தூவின் கடிதம் அச்சேறிப் படிக்கப்பட்டது. ஒரே ஊற்றைக் காட்டிப் பெருமைப்படுவதைவிட, ஒரே சிக்கலை எத்தனை பேர் எப்படி அவிழ்த்தார்கள் என்று பார்ப்பது பயனுள்ளது.

சிக்கலை ஐரோப்பியர்கள் பாலால் அவிழ்க்கவில்லை. அவர்கள் தளத்தைவிடத் திரவத்தைத் திருத்தினார்கள்: காரத்தையும் நிறத்தையும் பிசினால் கெட்டியாக்கி ஓட்டத்தைக் குறைத்தார்கள். அதற்கு ஏராளமான வேலம்பிசின் தேவைப்பட்டது. மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் ஆற்றின் வடகரைப் பாலையில் வளரும் ஒருவகை வேலமரத்தில் அது கசிந்தது. அங்கே பிசின் விற்ற மூர் வணிகர்கள் பொன்னையோ வெள்ளியையோ கேட்கவில்லை. அவர்கள் கேட்டது புதுச்சேரி நீலத்துணி. ‘கினே’ என்று பிரெஞ்சுக்காரர்கள் அழைத்த அந்த அவுரி நீலத் துணி, செனகல் கரையில் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஏறக்குறைய நாணயமாகவே செலவாயிற்று. மணமும் பளபளப்பும் கையில் ஒட்டும் நீலமும் பார்த்துத் துணி எடுத்தார்கள், ஐரோப்பாவில் செய்த போலியை ஒதுக்கினார்கள். தென்னாற்காட்டுத் தறியில் நெய்து புதுச்சேரித் தொட்டியில் முக்கிய துணி, ஆப்பிரிக்கப் பாலையில் பிசினாக மாறி, பிரெஞ்சு அச்சுப்பட்டறையில் நிறத்தை ஓடவிடாமல் பிடித்தது. நம் துணியால் வாங்கிய பிசின் கொண்டு நம் துணிக்கே போட்டியான துணியை அச்சிட்டார்கள் என்றும் இதைச் சொல்லலாம். வணிக வரலாறு இப்படித்தான் சுற்றும்.

அதே பிசின்தான் நீர்வண்ணத்தையும் கடைச்சரக்காக்கியது. லண்டனில் ரீவ்ஸ் சகோதரர்கள் நிறத்தூளோடு பிசினும் தேனும் சேர்த்துக் கட்டியாக வார்த்த வண்ணத்துக்கு 1781இல் கலைக் கழகத்தின் வெள்ளிப் பரிசு கிடைத்தது. அரைக்கவும் குழைக்கவும் தேவையில்லாமல், ஈரத் தூரிகையைத் தேய்த்தால் நிறம் வரும் கட்டி. அதற்கு ஈடுகொடுக்கும் தாளும் கூடவே வந்தது. விலங்குத்தோல் வடித்த பசையில் முக்கி எடுத்த ஆங்கிலத் தாள் ஈரத்தை மேலேயே நிறுத்தி, தீட்டியதைத் திரும்பத் துடைத்தெடுக்கவும் இடம் கொடுத்தது. கட்டி வண்ணம், பசையூட்டிய தாள், அச்சுக்கோடு மூன்றும் சேர்ந்ததும் கைவண்ண அச்சுப்படங்கள் பெருகின. விற்பனைக்கென்று அச்சான முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையை 1843இல் ஹென்றி கோல் வெளியிட்டபோது, ஹார்ஸ்லி வரைந்த படத்தின் வெளிக்கோட்டைக் கல்லச்சில் ஆயிரம் பிரதி எடுத்து, வண்ணத்தைக் கையால் போடவைத்தார். விலை ஒரு ஷில்லிங், சாமானியர் வாங்கும் விலை அல்ல. ஆக, கோட்டை ஒற்றி நிறத்தைக் கையால் தருவது வாழ்த்து அட்டைக்கு யாரோ பின்னால் சேர்த்த அலங்காரம் இல்லை. அட்டை பிறந்ததே அப்படித்தான். முழுநிற அச்சு அதைக் கொஞ்சகாலம் மறக்கடித்தது.

மறக்கடித்ததில் சிவகாசிக்குப் பெரும் பங்கு. தீப்பெட்டி ஒட்டுப்படங்களில் தொடங்கி நாட்காட்டி, பொங்கல் வாழ்த்து என்று வளர்ந்த அந்த ஊரின் அச்சகங்கள் கரும்பும் பானையும் காளையும் நடிகர்களும் நிறைந்த அட்டைகளைத் தமிழ்நாடெங்கும் மலிவாகக் கொட்டின. அந்த வழவழப்புத் தாளுக்குக் களிமண் பூச்சு உண்டு. அதன்மேல் கிரேயான் வழுக்கும், ஈரத் தூரிகை குட்டையாய்த் தேங்கும். கைபடுவதற்கு இடமே வைக்காத தாள் அது. பொங்கலுக்கு முந்தைய வாரம் தபால்காரர்களின் பையை நிரப்பிய அந்த அட்டைகள் செல்பேசி வந்த பத்தாண்டுக்குள் காணாமல்போயின. ஆயிரத்தில் ஒன்றாக அச்சான வாழ்த்தை இலவசமாக அனுப்ப வழி வந்த பின் அதற்கு யாரும் காசு கொடுக்கவில்லை. காசு கொடுத்து வாங்கப்படுவது இப்போது பெரும்பாலும் கையால் செய்த அட்டை, அல்லது கையால் செய்ததுபோல் தோன்றும் அட்டை.

இதற்கான தாள் புதுச்சேரியில் உருவான விதம் சற்று விரிவாகச் சொல்லத்தக்கது. தமிழர்கள் நெடுங்காலம் எழுதிய ஓலையில் கசிவு என்ற சிக்கலே இருந்ததில்லை. எழுத்தாணி கீறிய பள்ளத்தில் மசியைத் தேய்த்துத் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் கறுப்பு நிற்கும். காகிதம் வந்த பிறகுதான் பசை தேவைப்பட்டது. வடக்கே காகிதம் செய்தவர்கள் மாவுக்கஞ்சி தடவி, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றி, நாணற்பேனா ஓடும்படி செய்தார்கள். தமிழ்க் கரையில் 1710களில் தரங்கம்பாடி மிஷன் அச்சகம் தாள் தட்டுப்பாட்டால் திணறி, பொறையாறில் சொந்தமாகக் காகிதப் பட்டறை வைத்துப் பார்த்தது. அது நிலைக்கவில்லை. பிறகு ஆலைக்காகிதம் வந்து எல்லாவற்றையும் மூடியது. கைக்காகிதத்தை மீட்டெடுத்தது காந்தியின் கிராமத்தொழில் இயக்கம். 1934இல் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தைத் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா நடத்தினார். 1940இல் புணேயில் கைக்காகித ஆய்வு நிலையம் ஏற்பட்டது. இந்தத் தொழிலின் நோக்கம் அப்போது கலையாக இருக்கவில்லை. கிராமத்தில் வேலை, கிராமத்தில் எழுதுதாள் என்பதே நோக்கம். புதுச்சேரி இன்னும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. ஆட்சி நடைமுறையில் கைமாறியது 1954இல். 1959இல் அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதப் பிரிவு தொடங்கியபோது, எழுதுதாளை மலிவாகத் தர ஆலைகள் இருந்தன. கைக்காகிதம் பிழைக்க வேண்டுமானால் ஆலைத்தாளால் முடியாததைச் செய்தாக வேண்டும். பூவிதழ் பதித்த தாள், எண்ணெய் வண்ணம் மிதக்கவிட்டு எடுத்த பளிங்குக்கோலத் தாள், ஓரம் பிசிறான அட்டை, உறை என்று அது அந்தப் பக்கம் திரும்பியது இதனால்தான். படேல் சாலையிலுள்ள அந்தப் பட்டறையின் சரக்கு புதுச்சேரிக்கு வருகிற பயணிகள் வாங்கிப்போகும் பொருள்களில் ஒன்றாகிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன.

கைக்காகிதத்துக்கு மரம் வெட்டுவதில்லை. பருத்தித் துணிக்கழிவைத் துண்டாக்கி, நீரில் அரைத்துக் கூழாக்கி, கம்பிவலைச் சட்டத்தால் அள்ளி எடுக்கிறார்கள். துணித் துண்டின்மேல் கவிழ்த்து, அடுக்கி, அழுத்தி நீரைப் பிழிந்து, காயவைக்கிறார்கள். அந்த நிலையில் அது மை உறிஞ்சும் தாள்தான். அதை வண்ணம் தாங்கும் தாளாக்குவது பசையூட்டு, தொழிலில் ‘சைசிங்’ என்பது. நெசவில் பாவுக்குக் கஞ்சி போடுவதற்கு அண்ணன்தம்பி இந்த வேலை. நம் நாட்டுக் கைக்காகிதப் பட்டறைகளில் நெடுங்காலம் வழக்கத்தில் இருந்தது கூழிலேயே குங்கிலியம் போன்ற மரப்பிசின் சோப்பைக் கலந்து, படிகாரம் சேர்த்து இழைகளில் படியவைப்பது. படிகாரத்தை மறுபடி சந்திக்கிறோம். 1734இல் துணியில் சிவப்பைப் பிடித்துவைத்த அதே பொருள், காகிதத்தில் நீரை வெளியே நிறுத்தும் பிசினைப் பிடித்துவைக்கிறது. பருத்தி, படிகாரம், ஒரு கொழுப்பு அல்லது பிசின், பிறகு தேய்த்து வழவழப்பாக்குதல்: துணியைத் தயார்செய்தவருக்கு இந்தக் காகிதப் பட்டறையின் வேலை வரிசை ஒருநாளில் புரிந்துவிடும்.

ஸ்டாம்பும் கிரேயானும் இந்த நீண்ட கதையில் கடைசி அத்தியாயம். ரப்பரைக் கந்தகத்தோடு சுட்டுக் கெட்டியாக்கும் முறைக்கு 1844இல் குட்இயர் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 1860களில் ரப்பர் முத்திரைகள் புழங்கத் தொடங்கின. நம் ஊரில் அவை அலுவலக மேசையோடும், பத்திர எழுத்தர்களின் ஊதா மையோடும் ஒட்டிக்கொண்டதால், அழகுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. நீரில் கரையும் நிறப்பென்சில் 1931இல் ஜெனீவாவில் காரன் தாஷ் நிறுவனத்திலிருந்து வந்தது. 1952இல் அதே நிறுவனத்தின் மெழுகு நிறக்குச்சியும், பின்னாளில் அதன் நீரில் கரையும் வகையும் வந்தன. பள்ளிப்பிள்ளைகள் அறிந்த மெழுகு கிரேயான் தண்ணீரைத் தள்ளும். கரையும் வகையில் மெழுகோடு நீரில் கரையும் பிணைப்புப் பொருளும் சேர்ந்திருப்பதால் தண்ணீர் பட்டதும் இளகி ஓடும். உலர்ந்திருக்கும்போது கோடு, நனைந்ததும் நீர்வண்ணம். கட்டி வண்ணத்தைவிட இதில் அடக்கம் கூடுதல் என்று தோன்றும். எவ்வளவு நிறம் எங்கே என்பதை உலர்ந்த கையாலேயே தீர்மானித்துவிடலாமே. ஆனால் இளகிய பிறகு அது எங்கே போகும் என்பதைத் தீர்மானிப்பது பழையபடி தாள். சிலர் மையில் ஒற்றிய கோட்டின்மேல் பிசின்தூள் தூவிச் சூடுகாட்டி மேடாக்கிக்கொள்கிறார்கள். உருகி உறைந்த அந்த வரப்பு ஈரத்தைத் தடுத்து நிறுத்துகிறது. அவுரித் தொட்டிக்கு முன் மெழுகு பூசியவர் இதைப் பார்த்தால் விளக்கம் கேட்கமாட்டார்.

எதிர்த்திசையில் ஒரு முறையும் உண்டு, அதை மறைத்துவிட்டு வாதத்தை முடிக்க முடியாது. ஸ்டாம்பின் ரப்பர் முகத்திலேயே கிரேயானைத் தேய்த்து, நீர்த்துளி தெளித்து, அப்படியே அட்டையில் ஒற்றுவார்கள். கோடு கரைந்து, நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று வழிந்து, எல்லை மங்கிய படம் வரும். இங்கே கசிவே அழகு, அதைத் தடுப்பதுதான் கலையின் சாரம் என்ற உன் கூற்று இதனால் அடிபடுகிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆயினும் இந்த முறையில் ஒற்றிப் பார்க்கிறவர்கள் தாளுக்குத் தாள் விளைவு மாறுவதைத்தான் முதலில் கவனிக்கிறார்கள். பசையில்லாத தாளில் துளி உடனே உள்ளிழுக்கப்பட்டுப் புள்ளியாகச் செத்துவிடும். பசை மிகுந்த தாளில் திரண்டு நின்று ஓரத்தில் கறுத்த வளையம் கட்டும். இடைப்பட்ட தாளில்தான் மெல்ல விரியும். அவிழ்த்துவிடப்பட்ட கசிவும் ஓர் அளவுக்குள் விரியும்போதே அழகாகிறது. அந்த அளவைக் கூழ்த்தொட்டியருகே நின்றவர் முன்கூட்டியே வைத்துவிட்டார்.

இன்னொரு மறுப்பு பலமானது. கலம்பிடித்துத் தீட்டியவர்களுக்கு அது பிழைப்பு, அட்டை செய்பவர்களுக்கு இது ஓய்வுநேரம். ஒன்றில் குலத்தொழிலின் சுமை இருந்தது, மற்றதில் கடையில் பொருள் வாங்கும் வசதி இருக்கிறது. இரண்டையும் ஒரே வரிசையில் வைப்பது உழைப்பை மறைப்பதாகும் என்பது. இதை ஒப்புக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு. உழைப்பு அட்டை மேசையில் தேடினால் கிடைக்காது, தாளில் தேட வேண்டும். கந்தல் பொறுக்கிப் பிரிப்பவர், சட்டத்தை நீரில் முக்கி ஒரே கனமாக அள்ளுபவர், ஈரத்தாளைக் கிழியாமல் உரித்துக் காயப்போடுபவர் ஆகியோர்தான் பாலில் துணி முக்கியவரின் இடத்தில் இன்று நிற்கிறார்கள். அட்டை விற்கும்போது ஸ்டாம்பு ஒற்றியவரின் பெயர் பின்பக்கம் அச்சாகிறது. தாள் செய்தவரின் பெயர் வருவதில்லை. 1734இல் நடந்த அதே மறதிதான் இப்போதும் நடக்கிறது.

தாள் செய்பவர்கள்மீதும் ஒரு குறை சொல்ல இருக்கிறது. படிகாரம் புளிப்புத்தன்மை கொண்டது. படிகாரப் பசையூட்டிய தாள் காலப்போக்கில் மஞ்சளித்து நொறுங்கும். அட்டையைப் பத்திரப்படுத்த நினைக்கிறவருக்கு இது முக்கியம். புளிப்பற்ற பசைகள் இப்போது கிடைக்கின்றன, பயன்படுத்துகிறவர்களும் உண்டு. ஆனால் கடையில் தாள் வாங்குகிறவரிடம் நிறத்தையும் பூவிதழையும் காட்டுகிறார்களே தவிர, எந்தப் பசை, எவ்வளவு, ஈரம் தாங்குமா என்பதைச் சொல்வதில்லை. வாங்குபவரும் கேட்பதில்லை. பொலியூ காட்டிய வழி இதற்குப் போதும். ஒரே கூழில் செய்து, பசையில்லாமல் ஒன்று, கஞ்சியில் ஒன்று, விலங்குப் பசையில் ஒன்று, படிகாரமும் பிசினும் இட்டு ஒன்று, புளிப்பற்ற பசையில் ஒன்று என எடுத்த துண்டுகளில் ஒரே ஸ்டாம்பை ஒற்றி, ஒரே கிரேயானைக் கரைத்துக் காட்டி, பக்கத்தில் செய்முறை எழுதி ஒட்டிய ஏடு ஒன்றை ஒவ்வொரு பட்டறையும் விற்பனை மேசைமேல் வைக்கலாம். கடுக்காயும் எருமைப்பாலும் ஊட்டிய துண்டு ஒன்றையும் சேர்க்கலாம். பாலின் புரதத்தைத் தாளுக்குப் பூச்சாகப் பயன்படுத்தும் வழக்கம் காகிதத் தொழிலுக்குப் புதிதில்லை என்பதால் அது நீரைத் தாங்கவே செய்யும். கடுக்காயின் மஞ்சள் கறையும் மழைக்கால வாடையும் பூச்சியும் வாங்குபவரை விரட்டுமா என்பதை ஒரு ஐப்பசி மாதம் அலமாரியில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.